ஒரு மரத்துக்கு பத்து மரம் நட்டா சரியாயிடுமா? இங்கிலாந்தின் பழங்காடுகளும் தரையில் பூக்கும் சாட்சிகளும்

சாலையை அகலப்படுத்த ஒரு புளியமரத்தை வெட்டும்போதெல்லாம் நாம் கேட்டுப் பழகிய வாக்குறுதி ஒன்று இருக்கிறது. "ஒரு மரத்துக்கு பத்து மரம் நடுவோம்." நட்டார்களா, தண்ணீர் ஊற்றினார்களா என்பது தனிக்கதை. சொன்னபடியே நட்டாலும் கணக்கு நேராகிவிடுமா?

இதே கேள்வி இங்கிலாந்தில் பல ஆண்டுகளாக பெரிய சண்டையாக நடந்துகொண்டிருக்கிறது. லண்டனிலிருந்து பர்மிங்காமுக்குப் போடப்படும் எச்எஸ்2 அதிவேக ரயில் பாதை, வழியில் இருக்கும் சில பழைய காடுகளை வெட்டிக்கொண்டு போகிறது. பதிலுக்கு 70 லட்சம் மரங்களும் புதர்ச் செடிகளும் நடுவோம் என்றது திட்டத்தை நடத்தும் நிறுவனம். ஆனால் தாவரவியலாளர்களும் இயற்கை ஆர்வலர்களும் சமாதானம் ஆகவில்லை. அவர்கள் கவலையில் பாதி மரங்களைப் பற்றியதே இல்லை. மரத்துக்குக் கீழே, முழங்கால் உயரம்கூட வளராத பூச்செடிகளைப் பற்றியது.

வார்விக்‌ஷயர் பகுதியில் கப்பிங்டன் என்ற கிராமம். அங்கே குன்றின் மேல் 250 ஆண்டுகளுக்கும் மேலான ஒரு காட்டுப் பேரி மரம் நின்றது. 2015-ல் இங்கிலாந்தின் 'இந்த ஆண்டின் மரம்' என்று தேர்வான மரம். 2020 அக்டோபரில் ரயில் பாதைக்காக அது வெட்டப்பட்டபோது கேமராக்கள் எல்லாம் அதைத்தான் பார்த்தன. அதன் குச்சிகளிலிருந்து கன்றுகள் உருவாக்கப்பட்டிருக்கின்றன. அதாவது ஒரு மரத்துக்கு வாரிசு உண்டாக்க முடியும். பக்கத்திலேயே சவுத் கப்பிங்டன் காட்டின் ஒரு பகுதியும் போனது. அந்தக் காட்டின் தரைக்கு வாரிசு உண்டாக்க முடியுமா? அதுதான் விஷயம்.

அதென்ன 1600?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரு காட்டை 'பழங்காடு' என்று அதிகாரப்பூர்வமாகச் சொல்ல ஒரே ஒரு நிபந்தனைதான். கி.பி. 1600-லிருந்து அந்த இடம் தொடர்ந்து காடாகவே இருந்திருக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் அந்த வருஷம் 1750.

ஏன் 1600? ஓரளவு நம்பகமான நில வரைபடங்கள் கிடைக்கத் தொடங்கும் காலம் அது. அதோடு, அதற்கு முன்பு அங்கே யாரும் பெரிய அளவில் மரம் நட்டு காடு வளர்க்கவில்லை. எனவே 1600-ல் ஓரிடத்தில் காடு இருந்தது என்றால், அது தானாக வளர்ந்த காடு, அதற்கும் பல நூற்றாண்டுகள் முந்தையது என்று நம்பலாம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். பழங்காடு என்றால் எல்லா மரத்துக்கும் 400 வயது என்று அர்த்தம் கிடையாது. மேலே நிற்கும் மரம் 30 வயதுக் கன்றாகக்கூட இருக்கலாம். தொடர்ச்சி என்பது நிலத்துக்குத்தான். அந்த மண் இத்தனை நூற்றாண்டுகளாக உழப்படவில்லை, கட்டடம் காணவில்லை. பழமை இருப்பது மண்ணில்.

பிரிட்டன் நிலப்பரப்பில் இப்படிப்பட்ட காடு இன்று சுமார் 2.5% தான். ராபின் ஹூட் படங்களைப் பார்த்துவிட்டு, ஒரு காலத்தில் இங்கிலாந்து முழுக்கக் காடாக இருந்தது என்று நினைப்பவர்கள் அங்கேயும் உண்டு. ஆனால் 1086-ல் எடுக்கப்பட்ட டூம்ஸ்டே கணக்கெடுப்பை வைத்து ஆலிவர் ராக்கம் போட்ட கணக்குப்படி, அன்றைக்கே இங்கிலாந்தில் காடு சுமார் 15% தான். ராக்கம், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தாவரவியலாளர். 2015-ல் மறைந்தார். பழங்காடு என்ற சொல்லை ஆவணங்களோடும், சேறு படிந்த பூட்ஸோடும் தேடித் தேடி நிலைநிறுத்தியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

1981-ல் இந்தக் காடுகளுக்கு ஒரு பட்டியல் போடும் வேலை தொடங்கியது. அப்போது 2 ஹெக்டேருக்கு மேல் இருந்த காடுகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அதாவது ஐந்து ஏக்கருக்குக் குறைந்த காடெல்லாம் கணக்கில் வரவில்லை. பட்டியலில் இல்லாத காட்டுக்குப் பாதுகாப்பு வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லத் தேவையில்லை. பின்னாளில் கால் ஹெக்டேர் காடு வரை சேர்த்துப் பட்டியலைத் திருத்தும் வேலையை எடுத்ததே இதனால்தான்.

மனிதர் கால் படாத காடா? இல்லவே இல்லை

'பழங்காடு' என்றதும் கோடாரி படாத கன்னிக்காடு என்று தோன்றும். உண்மை தலைகீழ். இந்தக் காடுகளில் பெரும்பாலானவை ஆயிரம் ஆண்டுகளாக வெட்டப்பட்டுக்கொண்டே இருந்தவை.

கரும்பு வெட்டிய பிறகு கட்டை துளிர்த்து வருமே, மறுதாம்பு, அதே முறைதான். ஹேசல், ஆஷ், மேப்பிள் மாதிரியான மரங்களைத் தரையோடு வெட்டுவார்கள். அடிக்கட்டையிலிருந்து பத்துப் பதினைந்து கிளைகள் நேராகக் கிளம்பும். ஹேசலை ஏழு முதல் பத்து ஆண்டுக்கு ஒருமுறை, மற்றதை அதற்கும் மேல் விட்டு மீண்டும் வெட்டுவார்கள். படல், வேலி, விறகு, கரி, கருவிக் கைப்பிடி எல்லாம் அதிலிருந்துதான். இடையிடையே ஓக் மரங்களை மட்டும் கட்டடத்துக்காகப் பெரிதாக வளரவிடுவார்கள்.

சஃபோக் பகுதியில் இருக்கும் பிராட்ஃபீல்டு காடுகள் இதற்கு நல்ல உதாரணம். ஒரு மடாலத்துக்குச் சொந்தமாக இருந்த காடு. 1252-லிருந்தே இப்படி வெட்டி வளர்த்ததற்கு ஆவணம் இருக்கிறது. இன்றைக்கும் அதே முறையில் வெட்டுகிறார்கள். அங்கே 370-க்கும் மேற்பட்ட தாவர இனங்கள் பதிவாகியிருக்கின்றன. அங்குள்ள ஓர் ஆஷ் மரத்தின் அடிக்கட்டைக்கு சுமார் ஆயிரம் வயது என்று ராக்கம் மதிப்பிட்டார். சாதாரணமாக நிற்கும் ஆஷ் மரம் சில நூற்றாண்டுகூடத் தாண்டுவதில்லை. வெட்ட வெட்டத்தான் இதற்கு ஆயுசு கூடியிருக்கிறது! வெஸ்டன்பர்ட் மரத்தோட்டத்தில் ஒரு சிறு இலை லைம் மரம் வட்டமாகப் பல தண்டுகளோடு நிற்கிறது. பார்த்தால் தனித்தனி மரங்கள் போலத் தெரியும். எல்லாம் ஒரே மரம், வயது சுமார் 2,000 இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். (லைம் என்றதும் எலுமிச்சையை நினைக்க வேண்டாம். இதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.)

ஆக, கோடாரி இந்தக் காட்டைக் கொன்றதில்லை. கொன்றது கலப்பை, பிறகு புல்டோசர். பிராட்ஃபீல்டிலேயே 1960களில் காட்டின் பெரும்பகுதியை அழித்து வயலாக்கினார்கள். 700 வருஷம் வெட்டியும் சாகாத காடு, வேரோடு பிடுங்கி உழுத சில ஆண்டுகளில் போய்விட்டது.

மூன்று மாத வெளிச்சத்தில் ஒரு வருஷ வாழ்க்கை

'இலையுதிர் காடு' நமக்கும் புதிது இல்லை. முதுமலை, சத்தியமங்கலம் எல்லாம் இலையுதிர் காடுகள்தான். ஆனால் அங்கே மரம் இலையைக் கொட்டுவது கோடையில், தண்ணீர் பற்றாமல். இங்கிலாந்தில் கொட்டுவது குளிருக்கு முன்னால். நவம்பரில் இருந்து ஏப்ரல் வரை கிளைகள் மொட்டையாக நிற்கும். இந்த ஒரு விஷயம்தான் தரையில் இருக்கும் செடிகளின் மொத்த வாழ்க்கையையும் தீர்மானிக்கிறது.

மே மாதக் கடைசியில் மேலே இலைக்கூரை மூடிவிடும். அப்புறம் தரைக்கு வரும் வெளிச்சம் மிகக் கொஞ்சம். எனவே குளிர் விலகத் தொடங்கி, கூரை மூடுவதற்குள் கிடைக்கும் மூன்று மாதத்தில் முளைத்து, பூத்து, விதைத்து, அடுத்த ஆண்டுக்கான சாப்பாட்டையும் கிழங்கில் சேமித்துவிட வேண்டும். தேர்வுக்கு முந்தைய நாள் படிக்கிற மாணவன் மாதிரி இல்லை இந்தச் செடிகள். முந்தின வருஷமே படித்து முடித்துவிட்டு, மணி அடித்ததும் எழுத ஆரம்பிக்கிற ரகம்.

முதலில் வருவது டாக்ஸ் மெர்குரி. பிப்ரவரியிலேயே பச்சையாகத் தலைகாட்டும். பார்க்கச் சுமார்தான், விஷச்செடி வேறு. ஆண் செடி தனி, பெண் செடி தனி. நம் தெருவோரக் குப்பைமேனி இருக்கிறதே, அதே குடும்பம்.

மார்ச்சில் வுட் அனிமோன். வெள்ளை நட்சத்திரம் மாதிரி ஒரு பூ. வெயில் அடித்தால் விரியும், மேகம் மூடினாலோ இரவானாலோ கூம்பிவிடும். இது கருஞ்சீரகத்தின் குடும்பம் என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் உண்மை. கூடவே பிரிம்ரோஸ், செலண்டைன், வயலட். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் ஓரிதழ் தாமரை இந்த வயலட்டுக்குச் சொந்தம். மூன்று இதய வடிவ இலைகளோடு வுட் சாரல் என்று ஒன்று, இலையைக் கடித்தால் புளிக்கும். நம்மூர் புளியாரையைப் பார்த்தவர்களுக்கு அறிமுகமே தேவையில்லை.

ஏப்ரல் கடைசி, மே தொடக்கம் புளூபெல்லின் நேரம். காட்டின் தரை முழுக்க நீலமாகிவிடும். ஒரு செடியில் தலை கவிழ்ந்த சின்னச் சின்ன மணிகள், அவ்வளவுதான். ஆனால் லட்சக்கணக்கில் சேரும்போது தரைக்கு மேல் நீலப்புகை படிந்த மாதிரி இருக்கும். உலகத்தில் உள்ள புளூபெல்லில் கிட்டத்தட்ட பாதி பிரிட்டனில்தான் இருக்கிறது. வெங்காயம் போன்ற கிழங்கிலிருந்து வருவது. நம்மூர் நரிவெங்காயத்துக்கு தூரத்து உறவு. ஈரமான இடங்களில் இதே சமயத்தில் காட்டுப்பூண்டு வெள்ளையாகப் பூத்திருக்கும். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும்.

பச்சையமே இல்லாமல் வளரும் ஆசாமிகளும் உண்டு. டூத்வர்ட் என்ற செடி ஹேசல் வேரைப் பிடித்துக்கொண்டு அதன் சாப்பாட்டை உறிஞ்சும். சோளக் கொல்லையில் சுடுமல்லி செய்கிற அதே திருட்டு, குடும்பமும் அதேதான். பறவைக்கூடு ஆர்க்கிட் என்று இன்னொன்று, மண்ணில் இருக்கும் பூஞ்சை மூலமாகவே பிழைக்கிறது. மரம், பூஞ்சை, ஆர்க்கிட் என்று மூன்று பேர் சேர்ந்த ஏற்பாடு. இதில் ஒன்றை மட்டும் எடுத்துப் போய் வேறிடத்தில் நட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது, செத்துப்போகும்.

ஜூன் வந்ததும் இதில் பெரும்பாலானவை வாடி மறைந்துவிடும். ஆகஸ்ட்டில் அந்தக் காட்டுக்குள் போகிறவர்களுக்கு, கீழே இவ்வளவு பேர் தூங்குகிறார்கள் என்று தெரியவே தெரியாது. காட்டை அழிக்கும் முன் செய்யும் தாவரக் கணக்கெடுப்பை வசந்தத்தில் செய்ய வேண்டும் என்று வலியுறுத்துவது இதனால்தான்.

நூறு வருஷத்துக்கு 6 அடி!

இப்போது மையமான விஷயத்துக்கு வருவோம். இந்தச் செடிகள் ஏன் புதுக்காட்டுக்குக் குடிபோவதில்லை?

பதில் எளிது. அவற்றுக்கு நகரத் தெரியாது. எருக்கம் விதை மாதிரி பஞ்சு கட்டிப் பறக்காது. பழமாகிப் பறவை வயிற்றில் போகும் வசதியும் பெரும்பாலானவற்றுக்கு இல்லை. வயலட் விதையில் ஒரு சின்னக் கொழுப்புத் துணுக்கு இருக்கும். அதற்கு ஆசைப்பட்டு எறும்பு தூக்கிக்கொண்டு போகும். எறும்பு எவ்வளவு தூரம் போகும்? சில அடி, அதிகம் போனால் சில மீட்டர். புளூபெல் விதை செடி சாயும் இடத்திலேயே விழுகிறது. விதையிலிருந்து முதல் பூ வர ஐந்து ஆண்டாவது ஆகும்.

வுட் அனிமோன் இதில் உச்சம். அதன் விதையில் முளைப்பது அபூர்வம். இஞ்சி மாதிரி தரைக்கடியில் ஊரும் தண்டால்தான் பெரும்பாலும் பரவுகிறது. நூறு ஆண்டுக்குச் சுமார் 6 அடி என்று அதன் வேகத்தைச் சொல்வார்கள். ஓர் ஆளின் உயரம்! ஒரு கிரிக்கெட் மைதானம் அளவுக்கு வுட் அனிமோன் பரவியிருந்தால், அது எப்போது தொடங்கியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இந்த மந்தகதியைத்தான் தாவரவியலாளர்கள் கடிகாரமாக்கிக்கொண்டார்கள். ஜார்ஜ் பீட்டர்கன் என்ற சூழலியலாளர் 1970களில் லிங்கன்ஷயர் காடுகளை ஆராய்ந்து, எந்தெந்தச் செடிகள் பழைய காட்டில் மட்டும் நிற்கின்றன, எவை புதுக்காட்டுக்கும் வருகின்றன என்று பிரித்தார். பழங்காட்டோடு ஒட்டிக்கொண்டிருப்பவற்றுக்கு 'அடையாளச் செடிகள்' என்ற தகுதி கிடைத்தது. இன்று பிரிட்டனில் பகுதிக்குப் பகுதி இப்படி ஒரு பட்டியல் இருக்கிறது. வரைபடமோ ஆவணமோ இல்லாத காட்டில் இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நடப்பார்கள். கூடவே பழைய கரையும் பள்ளமுமான எல்லை தெரிகிறதா என்றும் தேடுவார்கள்.

பூவை வைத்து நிலத்தைச் சொல்வது தமிழுக்குப் பழகிய விஷயம். குறிஞ்சி, முல்லை, மருதம் என்று நிலத்துக்கே தாவரத்தின் பெயரை வைத்தவர்கள் நாம். இங்கிலாந்தில் பூ சொல்வது நிலத்தின் வகையோடு அதன் வயதையும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஒரே ஒரு புளூபெல் கொத்தைப் பார்த்துவிட்டு 'பழங்காடு' என்று முடிவு கட்ட முடியாது. மழை அதிகமான மேற்குப் பகுதிகளில் புளூபெல் வேலியோரத்தில், திறந்த சரிவில்கூட வளரும். பட்டியலில் உள்ள செடிகள் எத்தனை ஒன்றாக இருக்கின்றன என்பதுதான் சாட்சி. ஒருத்தர் சொன்னால் வதந்தி, ஊரே சொன்னால் சேதி என்கிற மாதிரி.

மண் மறக்காது

விதையைக் கொண்டுபோய்த் தூவினால் போதாதா? இங்கேதான் மண் குறுக்கே வருகிறது.

விவசாயம் செய்த நிலத்தில் எருவும் உரமும் சேர்ந்து பாஸ்பேட் ஏறியிருக்கும். நல்ல விஷயம்தானே என்று தோன்றும். ஆனால் காட்டுப்பூக்கள் ஏழை மண்ணில், மெதுவாக வாழப் பழகியவை. சத்து ஏறிய மண்ணில் காஞ்சொறி மாதிரியான நெட்டில் செடிகள் தடதடவென்று வளர்ந்து எல்லாவற்றையும் மூடிவிடும். பூக்களால் போட்டி போட முடியாது.

இந்த நினைவு எவ்வளவு காலம் மண்ணில் தங்கும்? பிரான்ஸின் வடகிழக்கில் ஒரு காட்டை ஆராய்ந்த விஞ்ஞானிகள் 2002-ல் வெளியிட்ட முடிவு திகைக்க வைத்தது. ரோமானியர் காலத்தில் அங்கே விவசாயம் நடந்திருக்கிறது. பிறகு நிலம் கைவிடப்பட்டு, மீண்டும் காடாகிவிட்டது. கிட்டத்தட்ட 2,000 ஆண்டு கழித்தும், அன்றைக்குத் தீவிரமாகப் பயிர் செய்த இடத்தில் மண்ணின் சத்தும் வேறு, வளரும் செடிகளும் வேறு. மேலே பார்த்தால் ஒரே காடு. கீழே குனிந்து பார்த்தால் ரோமானியப் பண்ணையின் எல்லை தெரிகிறது!

கேம்பிரிட்ஜ் பக்கத்தில் ஹேலி காடு என்று ஒன்று. ராக்கம் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த இடம். அதை ஒட்டி ஒரு முக்கோண வயல் இருந்தது. 1920களில் உழவை விட்டுவிட்டார்கள். மரங்கள் தாமாகவே வந்து அது காடாகிவிட்டது. மரத்துக்கு யாரும் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. தரைப்பூக்கள்தான் பழைய காட்டின் ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல ஊர்ந்து உள்ளே வந்தன. கவனியுங்கள், பக்கத்திலேயே பழங்காடு இருந்ததால்தான் இதுவாவது நடந்தது. நெடுஞ்சாலைக்கும் கோதுமை வயலுக்கும் நடுவில் தீவு மாதிரி நடப்படும் புதுக்காட்டுக்கு எங்கிருந்து வரும்?

அப்படியானால் மண்ணையே தூக்கிப் போனால்?

எச்எஸ்2 திட்டத்தில் இதைத்தான் செய்தார்கள். சவுத் கப்பிங்டன் உட்பட சில காடுகளில் மேல்மண்ணை, அதில் தூங்கும் கிழங்கு, விதை, பூஞ்சையோடு இயந்திரத்தால் வழித்தெடுத்து, தேர்ந்தெடுத்த வேறு நிலத்தில் பரப்பினார்கள். வெட்டிய அடிக்கட்டைகள், விழுந்த மரத்துண்டுகளையும் கொண்டுபோய்ப் போட்டார்கள். மேலே கன்றுகள் நட்டார்கள்.

ஒன்றுமே செய்யாமல் விடுவதைவிட இது மேல் என்பதை எதிர்ப்பாளர்களிலும் பலர் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் இது இடமாற்றமா, மிச்சத்தைக் காப்பாற்றுவதா என்பதில்தான் தகராறு. மண் என்பது மூட்டையில் அள்ளும் சரக்கு இல்லை. மேலே ஒரு அடுக்கு, கீழே ஒரு அடுக்கு, இடையில் புழு, வேர், பூஞ்சை இழை என்று ஓர் ஒழுங்கு இருக்கிறது. இயந்திரம் வழித்தால் அந்த ஒழுங்கு கலைந்துவிடும். புது இடத்தில் நிழலும் இல்லை. கன்றுகள் வளர்ந்து நிழல் தருவதற்குள் வெயில் விரும்பும் களைகளின் ராஜ்யம்தான். பிரிட்டன் அரசுக்கு இயற்கை விவகாரங்களில் ஆலோசனை சொல்லும் அமைப்புகளின் வழிகாட்டுதலே, இப்படி நகர்த்தப்பட்ட காட்டை இனிப் பழங்காடு என்று எடுத்துக்கொள்ள முடியாது என்கிற நிலைப்பாட்டில்தான் இருக்கிறது.

எத்தனை காடுகள் பாதிக்கப்பட்டன என்பதிலும் இரண்டு கணக்கு. லண்டனிலிருந்து க்ரூ வரை 43 பழங்காடுகள் பாதிக்கப்படும், அவற்றின் பரப்பில் பெரும்பகுதி அப்படியே இருக்கும் என்றது எச்எஸ்2 நிறுவனம். வூட்லேண்ட் டிரஸ்ட் அமைப்பு 108 காடுகள் என்றது. இரண்டும் ஒரே பொருளைப் பற்றிய எண் இல்லை. டிரஸ்ட் கணக்கு வடக்கு நோக்கிய முழுப் பாதைக்கும் சேர்த்தது, நேரடியாக வெட்டாமல் சத்தம், தூசி, நீரோட்ட மாற்றத்தால் வரும் பாதிப்பையும் எடுத்துக்கொண்டது. 2023 அக்டோபரில் அன்றைய பிரதமர் ரிஷி சுனக் பர்மிங்காமுக்கு வடக்கே உள்ள பாதையை ரத்து செய்தார். காரணம் செலவு, காடு அல்ல. ஆனாலும் அந்தப் பக்கத்துக் காடுகள் தப்பின.

சட்டம் எதுவும் இல்லையா?

இருக்கிறது. 2018-ல் திருத்தப்பட்ட இங்கிலாந்தின் திட்டமிடல் கொள்கைப்படி, பழங்காடு என்பது ஈடுசெய்ய முடியாத வாழிடம். மிக மிக அபூர்வமான காரணம் இருந்தால் ஒழிய அதை அழிக்கும் கட்டுமானத்துக்கு அனுமதி மறுக்க வேண்டும். காட்டின் எல்லையிலிருந்து குறைந்தது 15 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்றும் வழிகாட்டுதல் உண்டு. ஆனால் எச்எஸ்2-வின் முதல் கட்டத்துக்கு நாடாளுமன்றமே 2017-ல் தனிச்சட்டம் போட்டுவிட்டது. 'அபூர்வமான காரணம்' என்ற கதவு எவ்வளவு அகலம் என்பது அப்போது தெரிந்தது.

செடிகளுக்கும் தனியாகப் பாதுகாப்பு உண்டு. காட்டுப் புளூபெல் கிழங்கைத் தோண்டி விற்பது 1998-லிருந்து குற்றம். செல்ஃபி எடுக்கப் பூவுக்கு நடுவில் இறங்குவதைத்தான் எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. மிதித்து நசுங்கிய இலையால் சாப்பாடு தயாரிக்க முடியாது, மூன்று மாத வெளிச்சத்தில் ஒரு மாதம் போனாலே கிழங்கு நலிந்துவிடும். வசந்தத்தில் 'பாதையை விட்டு இறங்காதீர்கள்' என்று காட்டுக்குக் காடு பலகை வைப்பது அதற்காகத்தான்.

சத்தமில்லாமல் வரும் ஆபத்துகள்

ரயில் பாதை செய்தியாகிறது. மற்றவை ஆவதில்லை.

மான் ஒரு பிரச்சனை என்றால் ஆச்சரியமாக இருக்கும். நம் காடுகளில் இருக்கும் கேளையாட்டுக்குச் சீனாவில் ஒரு உறவு உண்டு, மன்ட்ஜாக் என்பார்கள். 20-ம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஒரு பண்ணை மாளிகையின் பூங்காவில் அழகுக்காகக் கொண்டுவந்து விட்டார்கள். வெளியேறிப் பெருகிவிட்டது. வேட்டையாட ஓநாயும் இல்லை, லிங்ஸும் இல்லை. ஆக்ஸ்லிப் என்ற மஞ்சள் பூ, கிழக்கு இங்கிலாந்தின் சில பழங்காடுகளில் மட்டும் இருப்பது. அதன் பூக்களை மான்கள் ஒட்ட மேய்ந்துவிடுகின்றன. ஹேலி காட்டில் வேலி போட்டுத்தான் அதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

அடுத்தது ஆஷ் மரத்தைத் தாக்கும் பூஞ்சை நோய். பிரிட்டனில் 2012-ல் உறுதியானது. அங்குள்ள ஆஷ் மரங்களில் 80% வரை போகலாம் என்று மதிப்பிடுகிறார்கள். இது மரத்தோடு நிற்காது. ஆஷ் தாமதமாகத் துளிர்க்கும், மெல்லிய நிழல்தான் தரும், தரைப்பூக்களுக்குத் தோதான மரம். அந்த இடத்தை அடர்த்தியான நிழல் தரும் சைக்கமோரோ பீச்சோ பிடித்தால், கீழே இருக்கும் கணக்கு எல்லாம் மாறும். 900-க்கும் மேற்பட்ட உயிரினங்கள் ஏதோ ஒரு வகையில் ஆஷைச் சார்ந்திருக்கின்றன.

பழைய காயம் ஒன்றும் இருக்கிறது. முதல் உலகப் போரில் மரத்துக்குத் திண்டாடிய பிரிட்டன் 1919-ல் வனத்துறை ஆணையத்தை அமைத்தது. அடுத்த பல பத்தாண்டுகள், குறிப்பாக இரண்டாம் உலகப் போருக்குப் பின், ஓக்கையும் லைமையும் வெட்டி, துளிர்க்காமல் இருக்க மருந்தும் அடித்து, அதே இடத்தில் ஊசியிலை மரங்களை வரிசையாக நட்டார்கள். ஊசியிலை மரங்களில் பெரும்பாலானவை இலை உதிர்ப்பதில்லை. அதாவது அந்த மூன்று மாத வெளிச்சமும் போய்விட்டது. இன்று பழங்காடு என்று கணக்கில் இருப்பதில் சுமார் 40% இப்படித் தோட்டமாக்கப்பட்ட நிலம். 1985-ல் கொள்கை மாறியது.

ஆனால் அந்த நிலங்களை யாரும் உழவில்லை. மண் பழைய மண்தான். வரிசைகளுக்கு நடுவே, ஓடைக்கரையில், பாதையோரத்தில், தப்பிய ஒரு பழைய ஓக்கின் அடியில் புளூபெல்லும் அனிமோனும் கொஞ்சம் கொஞ்சம் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அதனால் இப்போது அந்த ஊசியிலை மரங்களை எடுக்கும் வேலை பல இடங்களில் நடக்கிறது, ஆனால் ஒரேயடியாக அல்ல. எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டினால் திடீர் வெயிலில் முள்புதர் மண்டிவிடும். எனவே முதலில் எந்த மரத்தடியில் எந்தப் பூ மிச்சமிருக்கிறது என்று குறித்துக்கொள்கிறார்கள். அதைச் சுற்றியுள்ள நாலைந்து மரங்களை எடுத்துக் கொஞ்சம் வெளிச்சம் விடுகிறார்கள். சில ஆண்டு காத்திருந்து, பூ பரவியிருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு, அடுத்த நாலைந்து மரங்களுக்குப் போகிறார்கள்.